வாளையார் தாண்டும் முன்: தனியாகப் போகும் பைக்கைத் தயார் செய்யும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள–தமிழக எல்லையை ஒட்டிய நம் பாலக்காட்டு ஊர்களிலிருந்து வருஷா வருஷம் சில பேராவது பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்புகிறார்கள். காசி, காஷ்மீர், லடாக், நேபாளம். கிளம்ப நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன பேக் வாங்கலாம்?" என்றுதான். பேக் கடைசியில் வாங்க வேண்டிய சாமான். அதற்கு முன்னால் ஏகப்பட்ட வேலை இருக்கிறது.

கூட்டமாகப் போனால் ஒருத்தருக்குத் தெரியாதது இன்னொருத்தருக்குத் தெரியும், வண்டியைச் சாய்த்துப் பிடிக்கவும் ஆள் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு இரண்டும் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விதியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன்: வழியில் எந்த வேலை செய்ய நேருமோ, அதை வீட்டு வாசலில், சாவகாசமாக, உங்கள் கையாலேயே ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

எந்த வண்டி?

இப்போது உங்களிடம் இருக்கிற வண்டியே போதும். 100 சிசி ஸ்பிளெண்டரில் லடாக் போய் வந்தவர்கள் நிறைய. சின்ன வண்டிக்கு ஒரு பெரிய வசதி, அதன் சாமான் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். பெரிய அட்வென்ச்சர் வண்டி மேட்டில் சுகமாக ஏறும், ஆனால் ஒரு சென்சார் போனால் பெரிய நகரத்து ஷோரூமுக்குத்தான் தள்ள வேண்டும். பயணத்துக்கென்றே புது வண்டி எடுப்பதானால் ஆறு மாதமாவது அதைத் தினமும் ஓட்டுங்கள். அதன் வழக்கமான சத்தம் காதில் பதிந்தால்தான் புதிதாக வரும் சத்தம் கேட்கும்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கிளம்பும் தேதியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரிய சர்வீஸ், கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். முந்தின நாள் பட்டறையில் விட்டு, அங்கிருந்தே நேராக ஹைவே ஏறுவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்வார்: "மாத்தறது பெரிசில்லீங்க தம்பி. மாத்துன சாமான் ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும். அதுக்கப்புறம் தெரியும், அது சாமானா வம்பான்னு." புது கேபிள் இழுபடும், புது செயின் தளரும், சரியாக முறுக்காத நட்டு கழலும். இதெல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரில் வெளியே வந்துவிடும். அது பொள்ளாச்சி ரோட்டில் வரட்டும்.

மாதத்தையும் யோசியுங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் ஆந்திராவும் விதர்பாவும் அதைவிட மோசம். ஜூனில் இங்கே மழை பிடித்துவிடும். லடாக் போகிறவர்களுக்குக் கணவாய்கள் திறந்திருக்கும் கோடை மாதங்கள்தான் வழி, ஆகவே கிளம்பும்போது வெயில், திரும்பும்போது மழை என்று இரண்டுக்கும் தயாராகவே போக வேண்டியிருக்கும்.

பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள்

வண்டியை விட்டுவிட்டு சாயங்காலம் வந்து எடுக்கும் சர்வீஸ் இதற்கு உதவாது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மெக்கானிக்கிடம் முன்பே சொல்லி, ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் இருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது எந்த ஸ்பேனரை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் பின்னால் உங்கள் டூல் பையாக மாறும்.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். கிரேடு உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதேதான், 10டபிள்யூ-30 என்றால் 10டபிள்யூ-30. டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கிறது. காருக்கான ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கும். டேப்பட் (எஞ்சின் வால்வு) இடைவெளியை எஞ்சின் ஆறின பிறகு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் வைத்த அளவு சரியாக வராது. ஏர் ஃபில்டர் பேப்பர் வகையாக இருந்தால் ஊதித் தட்டிப் போடாமல் மாற்றிவிடுங்கள். பிளக்கும் அப்படியே. பழசு நன்றாக இருந்தால் அதைத் துடைத்து ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.

பிரேக் விஷயத்தில் பலர் பேடை மட்டும் பார்த்துவிட்டு ஆயிலை விட்டுவிடுகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் உள்ளே ஆவி உண்டாகி, லீவர் பஞ்சு மாதிரி கைக்கு வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, நம்மூர் ஈரக்காற்றில் அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது. டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே பொறித்திருக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால் ஷூ தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி பிரேக் ஆர்ம் பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு ஆட்டம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு ஃபோர்க்கையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கடகடவென்றால் ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன்செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் 'டக்'கென்று உட்கார்ந்தால் பால்ரேஸ் பள்ளம் விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் வீல் பேரிங் பேசும். பின் சக்கரத்தைக் கழற்றிய கையோடு, அதற்குள் உதறலைத் தாங்கும் கப்ளிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். கியர் போடும்போது வரும் உதறலுக்குப் பாதி நேரம் அதுதான் காரணம், விலையோ அற்பம்.

கிளட்ச் வயருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வயர் நல்ல நிலையில் இருந்தாலும் புது வயர் ஒன்றை அதே பாதையில் பக்கத்திலேயே கோத்து, இரண்டு நுனியையும் டேப் சுற்றிக் கட்டி விட்டுவிடுங்கள். நடு வழியில் பழசு அறுந்தால் டேங்க்கைக் கழற்ற வேண்டாம், இரண்டு நுனியை மாற்றி மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் வண்டி நகரும். ஆக்ஸிலேட்டர் வயருக்கும் இதையே செய்யலாம், இடம் இருந்தால்.

கடைசியாக, முக்கியமான போல்ட்டுகள் அத்தனையையும் சரியான இறுக்கத்துக்கு வைத்தபின், போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. பெயிண்ட் மார்க்கர் இல்லையென்றால் நெயில் பாலிஷ் போதும், வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். தினமும் காலையில் ஒரு பார்வை பார்த்தால் கோடு விலகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கேரியர் ஸ்டே, சைலன்சர் பிராக்கெட், நம்பர் பிளேட், இவைதான் முதலில் கழலும்.

செயின்

புறப்படும்போதே செயின் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தால், முன் ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்), பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புது செயினையும் தின்றுவிடும். பல் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தளர்வு எவ்வளவு என்பது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சாதாரண ரோடு வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே தளர்வு இருக்காது. மிக இறுக்கமான இடத்தில் அளந்து வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் செயின் சத்தத்துக்குப் பயந்து விண்ணென்று இறுக்கிவிடுகிறார்கள். பெட்டி படுக்கை ஏற்றி உட்கார்ந்ததும் ஸ்விங்ஆர்ம் இறங்கி அது இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங்கையே இழுத்துக் கெடுக்கும். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணில் நிற்கிறதா என்பதையும் மறக்காதீர்கள்.

கழுவ மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி. ஓ-ரிங் செயினில் பெட்ரோல் போடக் கூடாது, ரப்பர் போய்விடும். எண்ணெய் ஸ்பிரேதான் வேண்டுமென்பதில்லை. 90 நம்பர் கியர் ஆயிலை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துப்போய், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இரவு தங்கும் இடத்தில் செயின் சூடாக இருக்கும்போதே தடவிவிட்டால் காலைக்குள் ஊறிவிடும். மழையில் ஓடினால் அன்றன்றைக்கே. லாக் வைத்த செயினாக இருந்தால், அந்த லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுத் தெறித்துவிடும். ஸ்பேர் லாக் இரண்டு பர்ஸில் கிடக்கட்டும்.

டயரும் பஞ்சரும்: இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்ட டயரை நம்பாதீர்கள். பட்டன் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு தரையைத் தொட இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அளவு, சக்கரம் ஆறியிருக்கும்போது, சுமைக்கு ஏற்ற எண்ணில். செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும், ஒருவர் உட்கார்ந்தால், இருவர் உட்கார்ந்தால் என்று. தனியாகப் போனாலும் பெட்டி ஏற்றினால் நீங்கள் இருவர்தான்.

டியூப்லெஸ் டயர் என்றால் வேலை சுலபம். ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, திரியைத் திணித்து, காற்றடித்தால் முடிந்தது. கிட் எங்கும் கிடைக்கும். பழைய டயர் ஒன்றில் வேண்டுமென்றே ஆணியடித்து இரண்டு முறை செய்து பாருங்கள். திரியைத் திணிக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கம்பி போட்ட சக்கரம், உள்ளே டியூப் என்றால்தான் கதை. பின் சக்கரத்தை உங்கள் வாசலில் கழற்றிப் பாருங்கள். முதல் தடை ஸ்டாண்டு. நிறையப் புது வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு இல்லை. மாட்ட முடியுமென்றால் பயணத்துக்கு வாங்க வேண்டிய முதல் சாமான் அதுதான், பேக் அல்ல. முடியாதென்றால் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஸ்விங்ஆர்முக்கு அடியில் உயரம் பார்த்து வெட்டிய ஒரு கட்டையைக் கொடுத்து, முன் பிரேக் லீவரை ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் வண்டி நகராது. அந்தக் கட்டையும் உங்களோடு வரும்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கழற்றிக் கீழே விடுங்கள். ஆக்ஸிலை உருவும்போது இரண்டு பக்கமும் விழும் புஷ்கள் வேறு வேறு நீளம். எது இடம், எது வலம் என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வால்வுக்குள் இருக்கும் ஊசியைத் திருகி எடுத்துக் காற்றை முழுசாக விடுங்கள். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, ரிம் ஓரத்தில் இரண்டு குதிகாலையும் வைத்து மிதித்தால் டயர் ரிம்மை விட்டு இறங்கும். இறங்கவில்லையென்றால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். இரண்டு லீவரைப் பக்கத்துப் பக்கத்தில் கொடுத்து, ஒரு தடவைக்குக் கொஞ்சமாக நெம்புங்கள். அதிகம் ஆசைப்பட்டால் லீவர் டியூபைக் கடிக்கும்.

டியூபை உருவியதும் எல்லோரும் ஓட்டையைத் தேடுவார்கள். அதற்கு முன் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். விரலால் தடவாதீர்கள். நம் பக்கம் கருவேல முள், ஹைவேயில் வெடித்த லாரி டயரின் எஃகுக் கம்பித் துணுக்கு. மயிரிழை மாதிரி இருக்கும், துணியில் மாட்டினால்தான் தெரியும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த பத்து கிலோமீட்டரில் மறுபடியும் உட்கார வேண்டும்.

வழியில் ஒட்டிக்கொண்டிருக்காமல் புது டியூபைப் போட்டுவிட்டு, பழையதை அடுத்த ஊரில் பஞ்சர் கடையில் ஒட்டி ஸ்பேராக வைத்துக்கொள்வது நல்லது. புது டியூபில் உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து, பவுடர் தூவி உள்ளே வையுங்கள், மடிப்பு விழாது. டயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். கடைசிப் பிடி கனமாக இருந்தால் லீவரை அழுத்தாமல், ஏற்கெனவே ஏறிய பக்கத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள், தானாக இடம் கிடைக்கும். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கை கறுப்பாகும். ஆகட்டும். தெலங்கானாவின் வெட்டவெளியில் முதல் முறை செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

காற்றடிக்கக் கால் பம்ப் ஒன்று, அல்லது பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர். கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள், டயர் முழுக்க இறங்கிய நிலையிலிருந்து அது நிரப்புகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். சிலது நடுவில் சூடாகி நின்றுவிடும்.

கரண்ட்

எலக்ட்ரிக் கடையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் முழு ஆரோக்கியம், 12.2-க்குக் கீழே என்றால் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் 13.5-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. மேலே போனால் ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது.

கூடுதல் விளக்கு மாட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. சின்ன வண்டியில் கரண்ட் உண்டாக்கும் காயிலில் மிச்ச கரண்ட் குறைவு. அதோடு கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை இதில் மிகக் கண்டிப்பு. கண்ணைப் பறிக்கும் எல்இடி, மாற்றின சைலன்சர் என்றால் அபராதம் நிச்சயம். ராத்திரி ஓட்டாமல் இருந்தால் விளக்கே தேவைப்படாது. போன் சார்ஜர் மட்டும் போதும், அதையும் தனி ஃபியூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி இணைக்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த வண்டிக்காரர்கள் மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் பாதி பீதி போய்விடும். சைடு ஸ்டாண்டு சென்சாரில் சேறு ஏறினால், கியர் போட்டதும் எஞ்சின் அணையும், தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே சரியாகலாம். வண்டி கீழே விழுந்தால் சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும், நிமிர்த்திய பின் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் செல்ஃப் அடித்தே பேட்டரியைத் தீர்ப்பவர்கள் உண்டு. மூன்றாவது, பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்ச்சியாக இருக்கிறது. ரிசர்வ் கட்டம் மின்னிக்கொண்டிருக்க நாள் கணக்கில் ஓட்டாதீர்கள்.

டூல் பை

பட்டறைக் குறிப்பை வைத்து ஒரு பை சேருங்கள்: 8, 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், ஆலன் கீ, பிளக் ஸ்பேனர், இரண்டு ஆக்ஸிலுக்கும் சரியான அளவு, கொறடு, ஸ்க்ரூ டிரைவர், டயர் லீவர். பிறகு அந்தப் பையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு சர்வீஸ் செய்யுங்கள். செயின் இறுக்குவது, சக்கரம் கழற்றுவது, பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி, ஃபியூஸ். பையில் இல்லாத ஒன்றுக்கு வீட்டுக்குள் ஓட நேர்ந்தால் அது பைக்குள் போகட்டும். கடைசிவரை கை தொடாத கருவி வீட்டிலேயே இருக்கட்டும்.

இதோடு கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃபியூஸ், கட்டுக்கம்பி, ஜிப் டை, இன்சுலேஷன் டேப், எம்-சீல், ஒரு மீட்டர் பெட்ரோல் டியூப். துணி துவைக்கும் சோப்பு ஒரு துண்டும். டேங்க்கில் மயிரிழைக் கசிவு வந்தால் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் அடுத்த ஊர்வரை தாக்குப்பிடிக்கும்.

சுமை

கனம் கீழே, நடுவே, உங்கள் முதுகுக்கு நெருக்கமாக. டூலும் டியூபும் சேடில் பேக்கின் அடியில், துணி மேலே. டெயில் லைட்டைத் தாண்டிப் பின்னால் கனம் தொங்கினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். ரெயின் கவரை நம்ப வேண்டாம், காற்றில் ஊதிக் கிழியும். யூரியா மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, துணியை அதற்குள் போட்டு வாய் கட்டிப் பைக்குள் வையுங்கள். காசே இல்லாத வாட்டர்ப்ரூஃப்.

நமக்கு ஒரு வரப்பிரசாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுமை ஏற்றி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி வரை ஒருநாள் மத்தியானம் ஓட்டுங்கள். பக்கக் காற்றில் பை படபடக்கிறதா, பட்டை தளர்ந்து செயின் பக்கம் இறங்குகிறதா, லாரியைத் தாண்டும்போது வண்டி எவ்வளவு நகர்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். தொங்கும் பட்டை நுனி ஒவ்வொன்றையும் சுருட்டி டேப் போடுங்கள். சக்கரத்தில் சிக்கும் பட்டை மனிதனைத் தூக்கி எறியும்.

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கவும் பழகுங்கள். அறுப்பு முடிந்த வயலில் வைக்கோல் பரப்பி மெல்லச் சாய்த்து விடுங்கள். வலது பக்கம் விழுந்தால் முதலில் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை பின் கம்பியிலும் பிடித்து, கால் பலத்தில் பின்னோக்கி நடந்தால் எழும். இடுப்பை வளைத்துத் தூக்கினால் பயணம் அங்கேயே முடிந்தது.

காகிதம்

எல்லையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. வீடு கேரளத்தில், வண்டி பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்கியது, பதிவு டிஎன். ஊர் சுற்றிவிட்டு வருவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வழியில் மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்வதைவிடக் கிளம்பும் முன் தீர்த்துவிடுங்கள். வண்டி அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால், அவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் கூட இருக்கட்டும்.

புது வண்டிக்கு ஐந்து வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். உங்கள் வண்டிக்கான சொந்த சேதப் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரே வருஷத்துக்குத்தான். தேதியைப் பாருங்கள். புகைச் சான்று திரும்பி வரும்வரை செல்ல வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ வைத்திருக்கும் ஆர்சியும் லைசென்ஸும் செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்துக்கு அசலை அடியில் பத்திரமாக வையுங்கள். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமரா அபராதம் போடுகிறது, உங்களுக்கே தெரியாமல் ஒன்றிரண்டு நிலுவையில் இருக்கலாம், இ-சலான் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

நேபாளம் போகிறவர்கள் எல்லைச் சுங்கத்தில் பன்சார் என்ற நாள்கணக்குக் கட்டணம் கட்டி, ரசீதைத் திரும்பும்வரை தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். பாலிசியை நேபாளத்துக்கும் நீட்டிக்கக் கூடுதல் பிரீமியம் கட்டலாம். காஷ்மீர், லடாக் போகிறவர்கள் சிம்மை போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள், வெளிமாநில பிரிபெய்டு அங்கே வேலை செய்யாது.

ஒத்திகை

சர்வீஸ் முடிந்த இரண்டாவது வாரத்தில், முழுச் சுமையோடு ஒரு ராத்திரி தங்கிவரும் ஓட்டம் ஒன்று. நமக்கு அதற்கு வால்பாறையைவிட நல்ல இடம் கிடைக்காது. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. இ-பாஸ் விதிகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரியும். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கிப் பழகுங்கள், பிரேக் லீவர் கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்த மாதிரியே கெட்டியாக இருக்க வேண்டும். டேங்க் நிரப்பிக் கிளம்பி, வந்ததும் அதே பங்க்கில் நிரப்பினால் சுமையோடு உண்மையான மைலேஜ் கிடைக்கும். கம்பெனி சொன்ன எண்ணை மறந்துவிட்டு இதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மணாலி–லே சாலையில் டாண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தார்கள். அந்த மாதிரி இடத்துக்குக் கேன் எத்தனை லிட்டர் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

ஒத்திகையிலிருந்து திரும்பியதும் வெள்ளைக் கோடுகளை எல்லாம் பாருங்கள், செயினை மறுபடி வையுங்கள், இரண்டு நாள் எடுக்காத துணியைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் நாள்

விடியற்காலையில் கிளம்பினால் கோவை நெரிசலுக்கு முன் அவினாசி தாண்டிவிடலாம். வாளையார் வழியாக என்.எச். 544 சேலம் வரை, அங்கிருந்து என்.எச். 44 கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று நேரே வடக்கு. பெரும்பாலான டோல் கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்துச் சந்தில் போங்கள். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் பைக்குக்கு அனுமதி கிடையாது. மேப் அங்கே திருப்பிவிடும், ஏமாறாதீர்கள். ஹைவேயில் உதவிக்கு 1033, எல்லா அவசரத்துக்கும் 112.

முதல் நாள் ஆர்வத்தில் பெங்களூரு தாண்டி அனந்தபூர் வரை ஓட்டிவிடத் தோன்றும். ஓசூரிலேயே நிறுத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே அறை எடுத்து, வண்டி ஆறியதும் ஆயில் மட்டம், இரண்டு டயர் காற்று, செயின், பிரேக் லீவர், வெள்ளைக் கோடு என்று ஒரு சுற்று. அதையே அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். ஆயில் மாற்றும் கிலோமீட்டர் நாக்பூருக்கும் டெல்லிக்கும் நடுவில் எங்கே வருகிறது என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு, அந்த ஊரில் அரை நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் ஃபில்டரை மட்டும் இங்கிருந்தே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. ஆயில் எங்கும் கிடைக்கும், உங்கள் மாடலின் ஃபில்டர் கிடைக்காமல் போகலாம்.